32 லட்சத்துக்கு வீடு. அடியில் இருக்கும் மண்ணுக்கு எவ்வளவு?

கேள்வி: எனக்கு 27 வயது, கணவருக்கு 30. கோத்தகிரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் 28,000 ரூபாய் சம்பளம். நான் தனியார் பள்ளி ஆசிரியை, 18,000. வாடகை 7,500, மளிகை, காய்கறி, பால் 9,000, கேஸ், கரண்ட் 1,500, பெட்ரோலும் பஸ்ஸும் 3,000, போன் 900, மாமனார் மாமியாருக்கு 4,000, பைக் தவணை 3,100 (இன்னும் எட்டு மாதம்). சேமிப்பு என்றால் தபால் நிலைய ஆர்.டி. 3,000 (14 மாதம் கட்டியாயிற்று), பள்ளியில் ஒருவர் நடத்தும் ஏலச்சீட்டுக்குக் கழிவு போகச் சராசரியாக 5,000 (ஒன்பது மாதம் பாக்கி), நகைச் சீட்டு 2,000 (ஐந்து மாதம் பாக்கி), மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. 2,000. வங்கியில் 2.4 லட்சம் டெபாசிட், 14 பவுன் நகை இருக்கிறது. இவ்வளவும் போக 5,000 ரூபாய் மிஞ்ச வேண்டும், ஆனால் மிஞ்சுவதில்லை. அவர் கடையில் டீ குடிப்பதை நிறுத்திவிட்டு ஃபிளாஸ்க் கொண்டு போகிறார், நான் பத்து ரூபாய் நாணயம் கிடைத்தால் டப்பாவில் போடுகிறேன். ஊருக்கு வெளியே சரிவில் மூன்றரை சென்ட்டில் பழைய வீடு ஒன்று 32 லட்சத்துக்கு வருகிறது. வங்கியில் 24 லட்சம் வரை தருவதாகச் சொல்கிறார்கள். டெபாசிட்டை உடைத்து, சீட்டை எடுத்து, நகையை வைத்து 5 லட்சம் வாங்கினால் மீதி 8 லட்சத்தைப் புரட்டிவிடலாம். வாடகை கொடுப்பது தண்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் ஒரு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் உங்கள் கணவரை டீ குடிக்க விடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு டீ, மாதம் 26 நாள் என்றாலும் எண்ணூறு ரூபாயைத் தாண்டாது. குளிரில் வேலை முடிந்து நண்பர்களோடு நின்று குடிக்கும் டீ அது. அதை மிச்சம் பிடித்து வீடு கட்டியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நாணய டப்பா இருக்கட்டும். என் அம்மாவும் சிறுவாட்டுப் பணத்தைக் கடுகு டப்பாவில்தான் வைத்திருந்தார், வீட்டில் யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையோடு.

நான் கவலைப்படுவது காணாமல் போகும் அந்த 5,000-க்காக. மலையில் இருப்பவர்களுக்கு அது எங்கே போகிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். "கீழே போனோம்" என்று சொல்கிறோமே, அதில்தான் போகிறது. மேட்டுப்பாளையம், கோவை என்று ஒரு முறை இறங்கினால் பஸ்ஸோ பெட்ரோலோ, மத்தியானச் சாப்பாடு, ஒரு துணிக்கடை, வந்ததுதான் வந்தோம் என்று இன்னொரு கடை. இரண்டாயிரம் போய்விடும். அப்புறம் மொய், சீர், காதுகுத்து. இவை எதுவும் உங்கள் பட்டியலில் இல்லை. இவை தவறான செலவு என்று சொல்லவில்லை, செலவு என்றே கணக்கில் வராமல் இருப்பதுதான் தவறு. ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று மாதம் எழுதுங்கள். போனில் ஸ்கேன் செய்து கொடுப்பதையும் அன்றன்றைக்கே எழுத வேண்டும்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

வாடகை தண்டம் என்கிறார்கள். நீங்கள் வருடத்துக்குக் கொடுக்கும் வாடகை 90,000. 24 லட்சம் கடனை எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் தவணை சுமார் 20,800 ரூபாய். முதல் மாதத் தவணையில் 17,000 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 3,800 சொச்சம்தான். முதல் வருடம் வட்டி மட்டும் இரண்டு லட்சம் ரூபாய். வாடகை தண்டம் என்றால் இதற்கு என்ன பேர் வைப்பது? சொந்த வீட்டுக்கு வேறு நியாயங்கள் உண்டு. சுவரில் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம், குழந்தை பிறந்தபின் வீடு மாற வேண்டாம். அந்த நியாயங்களுக்காக வாங்குங்கள். தண்டம் என்ற சொல்லுக்குப் பயந்து வாங்க வேண்டாம். வரி மிச்சமாகும் என்று யாராவது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் இருவரின் சம்பளத்துக்கும் இப்போது வருமான வரியே கிடையாது.

இப்போது உங்கள் திட்டத்தையே கூட்டிப் பார்க்கலாம். வாங்கிய பின் வாடகை 7,500 நிற்கும், தவணை 20,800 வரும். ஆக, கூடுதலாக 13,300. நகைக் கடன் 5 லட்சத்துக்கு வருடம் 9 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 3,750 வட்டி. மொத்தம் 17,050. உங்கள் கையில் இருப்பது சேமிப்பு 12,000, காணாமல் போகும் 5,000, ஆக 17,000. ஐம்பது ரூபாய்தானே இடிக்கிறது என்று தோன்றும். ஆனால் சீட்டை இப்போதே எடுத்துவிட்டால் மீதி ஒன்பது மாதமும் அந்த 5,000-ஐக் கட்டியே ஆக வேண்டும், அது இனிமேல் சேமிப்பு அல்ல, கடன். அப்போது மாதம் 5,050 துண்டு விழும். பைக் கடன் முடிய இன்னும் எட்டு மாதம். பள்ளியில் ஒரு மாதச் சம்பளம் தாமதமானால் என்ன செய்வீர்கள்?

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 32 லட்சத்துக்கு 2,88,000 ரூபாய். வங்கி இதற்குக் கடன் தராது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இந்தச் செலவை வீட்டு மதிப்பில் சேர்த்துக் கடன் கணக்கிட ரிசர்வ் வங்கி விதி இடம் தருவதில்லை. பெண் பெயரில் பதிவு செய்தால் 1 சதவீதம் குறையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். ஆக கைப்பணம் 8 லட்சம் அல்ல, கிட்டத்தட்ட 11 லட்சம். நீங்கள் புரட்டுவது டெபாசிட், நகை, சீட்டு எல்லாம் சேர்த்து 8.4 லட்சம். மீதி இரண்டரை லட்சத்துக்குத் தனிநபர் கடன் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம்.

இதுவரை சொன்னது சமவெளியில் இருப்பவருக்கும் பொருந்தும். மலைக்கென்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

2008-ல் குன்னூர் பக்கம் சரிவில் ஒரு வீடு வாங்கினேன். கோடையில் போய்ப் பார்த்தேன். நல்ல வெயில், எதிரே தேயிலைத் தோட்டம், முற்றத்தில் ஹைட்ரேஞ்சியா. அடுத்த வருடம் நவம்பரில் நீலகிரி முழுக்கப் பெய்த அந்த மழையை நீங்கள் சிறு வயதில் பார்த்திருப்பீர்கள். மாவட்டம் முழுவதும் நிலச்சரிவில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எங்களுக்கு உயிருக்கு ஒன்றும் இல்லை. பின்பக்கத் தடுப்புச் சுவர் மட்டும் வயிறு தள்ளி, இரண்டே நாளில் விழுந்தது. நீர் வடிய ஓட்டைகளே விடாமல் கட்டிய சுவர் அது. திருப்பிக் கட்ட வீட்டுக் கடனுக்கு மேல் இன்னொரு கடன் வாங்கினேன். சுவருக்கான கல்லையும் மணலையும் விட, சாலையிலிருந்து அவற்றைத் தலைச்சுமையாக இறக்கிய கூலி எனக்கு அதிகமாகத் தெரிந்தது. லாரி நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்று வாங்கும்போது எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை.

அதனால் அந்த வீட்டை வாங்குவதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு முறை நவம்பரில் போய்ப் பாருங்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் மண்ணைச் சோதிக்கும். வீட்டின் பின்னால் வெட்டிய மண் மேடு எவ்வளவு உயரம், அதற்குச் சுவர் உண்டா, சுவரில் விரிசல் இருக்கிறதா, மழை நின்ற பிறகும் தரையிலிருந்து நீர் கசிகிறதா, மேலே இருக்கும் மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, மேல் வீட்டுக்காரரின் தண்ணீர் யார் நிலத்தில் இறங்குகிறது. ஒரு கட்டடப் பொறியாளரையும் கூட்டிப் போங்கள், ஒரு நாள் கூலியைப் பார்க்க வேண்டாம். அப்புறம் ஏப்ரலில் ஒரு முறை போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் என்று சொல்லிவிடுவார்கள்.

பத்திரங்களில் வழக்கமானவை தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, உட்பிரிவு செய்த பட்டா, புல வரைபடம். இவற்றை வக்கீல் பார்த்துக்கொள்வார். மலையில் இரண்டை நீங்களே வற்புறுத்திக் கேளுங்கள். ஒன்று, வழித்தடப் பாத்தியதை. வீட்டுக்குப் போகும் நடைபாதை பக்கத்துக்காரர் தேயிலை வழியாக இருந்தால் அது பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? வாய்வார்த்தை வழி, உறவு நன்றாக இருக்கும் வரைதான். இரண்டாவது, கட்டட அனுமதி. நம் மாவட்டத்தில் உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. சரிவான நிலத்துக்கு ஹாகா என்று சொல்கிறோமே, அந்த மலைப்பகுதிப் பாதுகாப்பு அனுமதியும் தேவைப்படலாம். மண் வெட்ட ஜே.சி.பி. இறக்குவதற்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பிறகு ஒரு அறை சேர்த்துக்கொள்ளலாம், சீசனுக்கு வாடகைக்கு விடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். (கூடலூர், பந்தலூர் வாசகர்களுக்கு: உங்கள் பக்கம் பிரிவு 17 நிலம், அதாவது உரிமை இன்னும் தீராத ஜென்ம நிலம் என்ற தனித் தலைவலி உண்டு. அதைப் பற்றிக் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.)

என்னைக் கேட்டால், 32 லட்சத்துக்கு இந்த வீடு இப்போது வேண்டாம். இரண்டு வருடம் ஒத்திகை பாருங்கள். வீடு வாங்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு கூடுதல் தவணை 13,300-ஐ மாதாமாதம் ஒதுக்குங்கள். அதில் ஆர்.டி.யும் சீட்டும் சேர்ந்து 8,000 ஏற்கெனவே போகிறது. மீதி 5,300-ஐ, மிஞ்ச வேண்டிய 5,000-த்தோடு இன்னொரு 300 மிச்சம் பிடித்து, சம்பளம் வந்த மறுநாளே ஏ.டி.எம். கார்டு இல்லாத தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். கீழே போவதும் மொய்யும் மற்ற செலவுகளில் மிச்சம் பிடித்தால்தான். சீட்டைக் கடைசியில் எடுங்கள், 1.1 லட்சம் போல வரும். புதிய சீட்டு போட வேண்டாம். பள்ளியில் சக ஆசிரியர் நடத்துவது 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாததாகத்தான் இருக்கும், அவர் நல்லவராகவே இருந்தாலும். நகைச் சீட்டையும் முடித்துவிட்டு நிறுத்துங்கள். பைக், சீட்டு, நகைச் சீட்டு ஒவ்வொன்றாக முடிய முடிய அந்தப் பணமும் அதே கணக்குக்குப் போகட்டும். ஆர்.டி.யை மூன்று வருடம் முடியுமுன் மூட முடியாது, இரண்டு வருடம் கழித்து அந்தத் தடையும் இருக்காது. எஸ்.ஐ.பி.யைத் தொட வேண்டாம்.

இப்படிச் செய்தால் டெபாசிட், சீட்டு, ஆர்.டி., தனிக் கணக்கு எல்லாம் சேர்த்து வட்டி இல்லாமலே ஏழரை லட்சம் நிற்கும். அதில் ஒன்றரை லட்சம் ஐந்து மாதச் செலவுக்கு, அதை மறந்துவிடுங்கள். மீதி 6 லட்சத்துக்கு இன்றைய சம்பளத்திலேயே 25 லட்ச ரூபாய் வீடு சரியாக வரும். 15 சதவீதம் முன்பணம் 3.75 லட்சம், பதிவுச் செலவு 2.25 லட்சம், கடன் 21.25 லட்சம், தவணை 18,400 போல. உங்கள் வருமானத்தில் அது 40 சதவீதம். அதற்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. நகை அப்படியே இருக்கும். அதை அடகு வைத்தே ஆக வேண்டிய நாள் வந்தால் அது தடுப்புச் சுவருக்காக இருக்கட்டும், முன்பணத்துக்காக வேண்டாம்.

அந்தச் சமயத்தில் பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் நடப்பில் இருந்தால் விண்ணப்பியுங்கள். 35 லட்சம் வரை மதிப்புள்ள வீடு, 25 லட்சம் வரை கடன் என்ற வரம்புக்குள் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், ஐந்து தவணைகளில் அதிகபட்சம் 1.8 லட்சம். வீடு நகர்ப்புற எல்லைக்குள் இருக்க வேண்டும். உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ வேறு கான்கிரீட் வீடு இருக்கக்கூடாது. மாமனார் வீடு அவர் பெயரிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த ஒரு லட்சம் அட்வான்ஸ். கொடுக்காதீர்கள். மாதக் கடைசிக்குள் என்று அவசரப்படுத்துபவரிடம், நவம்பர் மழையில் பொறியாளரோடு வந்து பார்க்கிறேன், பத்திர நகல்களை இப்போதே தாருங்கள் என்று சொல்லுங்கள். நகல் வந்தால் வக்கீலிடம் காட்டிவிட்டு மறுபடி எழுதுங்கள், விலை பேசுவதைப் பற்றி அப்போது பார்க்கலாம்.