கொழுந்து மலையும் காணி உறுதியும்

அன்புள்ள அக்கா,

கொழும்பில் சுற்றுலா முகாமைத்துவம் படிக்கிறேன். 2018-இல் 23 லட்சம் பயணிகள் வந்த நாடு இது. ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா, பொருளாதார நெருக்கடி எல்லாம் தாண்டி 2024-இல் மறுபடி 20 லட்சத்தைக் கடந்தோம். விசாவை இலகுவாக்கி, 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான நான்கு சுற்றுலா நிறுவனங்களையும் ஒன்றாக்கினால் துறை நிமிருமா? தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்துக்கும் இதில் வாய்ப்பு இருக்கிறது. கொழுந்து பறிக்கும் நம் பெண்களைவிட நல்ல விளம்பரம் இந்த நாட்டுக்கு உண்டா?

க.

அன்புள்ள தம்பி,

விசாவை இலகுவாக்கட்டும், நல்லதுதான். 2024 ஏப்ரலில் விசா விண்ணப்ப வேலையை வெளிநாட்டு நிறுவனங்களிடம் கொடுத்து, ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் நிறுத்திவைக்கும்வரை பட்ட பாடு போதும். நான்கு நிறுவனம் ஒன்றாவதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. உங்கள் கடைசி வரியில்தான் நின்றுவிட்டேன்.

எங்கள் மலை பெரிய ரோட்டை ஒட்டியது. எனக்குப் பதினொரு வயது. அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். ஒரு வேன் வந்து நின்றது. பயணிகளோடு கூட வந்தவர், அம்மாவைக் கொழுந்து பறிக்கும் நெறையைவிட்டுப் படம் பிடிக்க ரோட்டோரம் வரச் சொன்னார். கூடையை மாட்டு, கொழுந்தைப் பிடி, சிரி, இன்னொருமுறை சிரி. நெடுநேரம். அன்று நிறுவையில் கொழுந்து குறைந்து அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. வேன்காரர் கொடுத்த காசு அதற்கு ஈடாகவில்லை. அம்மா இறந்தபோது வீட்டில் ஒரு படம் இல்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டோம். எந்தெந்த நாட்டு வீட்டிலோ அவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

அவரை விளம்பரம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? "நம் பெண்கள்" என்கிறீர்களே, உங்கள் ஆத்தாவும் கூடை சுமந்தவராகத்தானே இருப்பார்?

சரி, எல்ல என்கிற ஊரைப் பாருங்கள். ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியதும், சொந்தக் காணி இருந்தவர்கள் வீட்டோடு இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள். பிழைத்தார்கள், மகிழ்ச்சி. கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் பாதை எங்கள் தோட்டப் பக்கமான ஹட்டனையும் தலவாக்கலையையும் தாண்டித்தான் அங்கே போகிறது. எங்கள் ஆட்கள் ஏன் அறை கட்டவில்லை? சோம்பலா? நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அது நிற்கும் நிலமும் அப்படியே. பின்னால் ஒரு குசினி இறக்குவதற்கே தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்க் கேட்க வேண்டும். கடனுக்கு வங்கிக்குப் போனால் உறுதி, அதாவது காணிப் பத்திரம் எங்கே என்பார்கள். 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் தேயிலை வைத்த காலத்திலிருந்து அந்த மண்ணைக் கொத்தியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கேட்கிறார்கள், உறுதி எங்கே என்று! பழைய துரை பங்களாக்களோ ஹொட்டேலாகிவிட்டன. அங்கே நம் பிள்ளைகள் படுக்கை விரிக்கிறார்கள். மலையில் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாயாவதற்கே 2024 செப்டம்பர் வரை காத்திருந்தோம்.

ஒரு வீட்டுக்குப் போதுமான பத்துப் பேர்ச் காணியும் அதற்கு ஒரு உறுதியும் கொடுத்துப் பார்க்கட்டும். அறை கட்டவும் சமைத்துப் போடவும் மலையைச் சுற்றிக் காட்டவும் எங்களுக்குத் தெரியும். அந்தச் சீர்திருத்தத்தைப் பற்றி உங்கள் வகுப்பில் யாராவது பேசுகிறார்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. இந்தத் துறையில் நம் பிள்ளை ஒருவர் படிக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த ஒப்படையை இதைப் பற்றி எழுதுங்கள். லீவில் வந்தால் சொல்லுங்கள், உறுதிக்காக மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு நடந்து களைத்தவர்கள் எங்கள் லயத்திலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
அக்கா