97 சதவீதம் என்றால் கைதட்டிவிடலாமா?

கேள்வி: என் மகள் கணினி அறிவியலில் பிஎச்.டி. முடிக்கப் போகிறாள், எக்ஸ்ரே படங்களை வைத்து ஏதோ ஆராய்ச்சி. பொது வைவாவுக்கு (எல்லார் முன்னிலும் நடக்கும் வாய்மொழித் தேர்வு) நானும் போய் உட்காரலாமா? நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்.
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் போங்கள் ஐயா. புரியாவிட்டால் குறை உங்களுடையது அல்ல. யாருக்கு என்ன நோய், இப்போது அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், இந்த மென்பொருள் வந்தால் யாருடைய வேலை மாறும், இந்த மூன்றையும் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லாத பேச்சு கணினிக்காரர்களுக்கே பாதிதான் புரியும். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் துறைக் கருத்தரங்கில் பேசுகிற எல்லாருமே, நோயைக் கண்டுபிடிக்கும் தங்கள் மென்பொருளுக்கு 97, 98 சதவீதம் துல்லியம் என்கிறார்கள். 'கேள்வி உண்டா' என்றால் என்ன கேட்பதென்றே தெரியவில்லை.
– முதலாண்டு ஆராய்ச்சி மாணவி, கோவை

பதில்: அந்த எண்ணை விட்டுவிடுங்கள், தரவு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குத்தான் நோய் என்றால், எல்லாருக்கும் 'நோய் இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மென்பொருளுக்கும் 99 சதவீதம் கிடைத்துவிடும், அதில் நோயாளி ஒருவர்கூடச் சிக்கியிருக்க மாட்டார்! அதனால் எத்தனை நோயாளிகளைத் தவறவிட்டது, எத்தனை நல்ல ஆட்களை வீணாகப் பயமுறுத்தியது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். அப்புறம், கண் படங்கள் என்றால், ஒரே நோயாளியின் இடது கண் படத்தை மென்பொருளின் பயிற்சிக்கும் வலது கண் படத்தை அதைச் சரிபார்க்கும் சோதனைக்கும் போட்டிருக்கிறார்களா? அப்படியென்றால் ஏற்கெனவே பார்த்த ஆளையே மறுபடி காட்டிப் பரீட்சை வைத்த மாதிரி. இதைக் கேட்டதும் மேடையில் ஒரு சின்ன அமைதி விழுந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

ரிச் கருவானா என்ற ஆய்வாளர் பல வருடங்களாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு, 2015-ல் கட்டுரையாகவும் வந்தது. நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்கக் கற்றுக்கொடுத்தபோது, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்று இயந்திரம் கற்றுக்கொண்டது. தரவில் அப்படித்தான் இருந்தது. காரணம், ஆஸ்துமாக்காரர்களை மருத்துவமனையில் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள், நல்ல கவனிப்பில் பிழைத்துக்கொண்டார்கள். அந்தக் கணிப்பை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? வார்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் இந்த ஆராய்ச்சியைச் செய்யக்கூடாது என்பது என் கட்சி.

கேள்வி: அப்படியானால் இதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு உதவாதா?
– ஒரு செவிலியர், மதுரை

பதில்: உதவும், உங்கள் ஊரே சாட்சி. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தில் கண்டுபிடிக்கும் கூகுள் ஆய்வு 2016 டிசம்பரில் வந்தது. பயிற்சிக்குக் கொடுத்தவை 1,28,175 படங்கள், அவற்றில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் உண்டு. முடிவு கண் மருத்துவர்களின் கணிப்புக்கு இணையாக இருந்தது. ஆனால் அதே வழியில் வந்த மென்பொருளைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனபோது கதை வேறு. அறை போதிய இருட்டாக இல்லை, இணையம் இழுத்தது, முதல் ஆறு மாதத்தில் கொடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று அது திருப்பிவிட்டது. அப்படித் திரும்பியவர்கள் இன்னொரு நாள் வேறு இடத்துக்கு அலைய வேண்டும், கூலி வேலையை விட்டுவிட்டு. செவிலியர்கள் சில நோயாளிகளிடம் 'இந்த ஆய்வில் சேர வேண்டாம்' என்றே சொல்லிவிட்டார்கள். 2020-ல் கூகுள் குழுவே இதை மறைக்காமல் எழுதியது, அந்த நேர்மைக்காகவே நான் அந்தக் கட்டுரையை எல்லாரையும் படிக்கச் சொல்வேன். இப்படிப்பட்ட கருத்தரங்குக்கு உங்களைப் போன்றவர்களைக் கூப்பிட வேண்டும், யாரும் கூப்பிடுவதில்லை என்பதுதான் எரிச்சல்.

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு சினாப்சிஸ் செமினார் (ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் அதன் சுருக்கத்தைச் சொல்லும் பேச்சு). எத்தனை ஸ்லைடு வைக்கலாம்?
– ஆராய்ச்சி மாணவர், திருச்சி

பதில்: எண்ணிக்கையைக் கைடிடம் கேளுங்கள். ஒரு ஸ்லைடு மட்டும் என் பேச்சைக் கேட்டு வையுங்கள்: உங்கள் மென்பொருள் தப்பாகச் சொன்ன நாலு படங்கள், ஏன் தப்பியது என்று பக்கத்தில் ஒரு வரி. நீங்கள் வைக்காவிட்டால் எப்படியும் வெளித் தேர்வாளர் கேட்பார்.