இருக்கேன்ல ஆரம்பிங்க, அட்டவணைய அப்புறம் பாத்துக்கலாம்

கேள்வி: அக்கா வணக்கம். வீட்டுக்காரருக்கு பிரிட்டன்ல இருக்கற வேல்ஸ்ல பேங்கர்ங்கற ஊர்ல நர்ஸ் வேலை கிடைச்சு போயிட்டாரு, நானும் பையனும் அடுத்த வருஷம் போறோம். அங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல எல்லா பிள்ளைங்களும் 16 வயசு வரைக்கும் அந்த நாட்டு மொழியான வெல்ஷ் படிச்சே ஆகணுமாம், சரி பையனுக்கு முன்னாடி நாம கொஞ்சம் கத்துக்குவோம்னு ஆன்லைன் கிளாஸ்ல சேந்தேன். முதல் வாரமே ஒரு பிடிஎஃப் அனுப்பி ஒரே வினைச்சொல்லுக்கு பக்கம் பூரா வடிவம் போட்டு மனப்பாடம் பண்ணுங்கன்னுட்டாங்க. இதுல ஒரு வீடியோல ஒரு மாதிரி சொல்றாங்க, இன்னொரு வீடியோல வேற மாதிரி சொல்றாங்க. ராத்திரி பாத்திரம் கழுவிட்டு வந்து உக்காந்தா ஒண்ணும் ஏற மாட்டேங்குது. விட்டுடலாமா? - வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: விட்டுடாதம்மா. அந்த பிடிஎஃப மட்டும் ஒரு ஆறு மாசத்துக்கு தொறக்காத. நானும் ஃபோன்லயே வெல்ஷ் கத்துக்கிட்டவதான், மூணு வருஷமாச்சு, அதனால உன் கஷ்டம் எனக்கு நல்லாவே தெரியும்.

உனக்கு இப்ப வேண்டியது ஒரே ஒரு வினைச்சொல். அவங்க அத 'போட்'ம்பாங்க, நம்ம 'இரு'. நாம 'படிச்சிட்டு இருக்கேன்'னு சொல்றோம்ல, அதையே அவங்க தலைகீழா 'டூ இன் டஸ்கி'ம்பாங்க. 'டூ ஈ'ன்னா இருக்கேன் நான், 'டஸ்கி'ன்னா படிக்கறது, நடுவுல ஒரு 'ன்' ஒட்டிக்குது, அவ்வளவுதான். நம்ம வாக்கியம் இருக்கேன்ல முடியும், அவங்களுது இருக்கேன்ல ஆரம்பிக்கும். இந்த வாக்கியத்துல யாரு செஞ்சாலும் 'டஸ்கி' மாறவே மாறாது. அந்த இடத்துல 'கஸ்கி' போட்டா தூங்கிட்டு இருக்கேன், 'அவெட்' போட்டா குடிச்சிட்டு இருக்கேன், 'கொகினியோ' போட்டா சமைச்சிட்டு இருக்கேன். ஆக டூ ஈ (நான்), உய்ட் டீ (நீ), மாய் ஓ (அவன்), மாய் ஹீ (அவ), டான் நீ (நாங்க), டாக் கீ (நீங்க), மாய்ன் நூ (அவங்க), இத மட்டும் வாய்க்கு வர வச்சுட்டன்னா நீ எந்த வேலைய செஞ்சாலும் வெல்ஷ்ல சொல்லிடலாம். டாக் கீல வர்ற 'க்' மட்டும் தொண்டையில இருந்து கொஞ்சம் கரகரன்னு வரணும். நீ, நீங்க வித்தியாசம் அங்கயும் அப்படியே இருக்கு, இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவங்க அதுக்கே தடுமாறுவாங்க, உனக்கு அது பால் குடிச்ச நாள்லருந்து தெரியும்.

இல்லைன்னு சொல்ல 'டூ ஈ திம் அன் கஸ்கி', தூங்கல. முடிஞ்சத சொல்ல அந்த 'ன்'ன எடுத்துட்டு 'வெடி' போடு, 'டூ ஈ வெடி டஸ்கி', படிச்சிருக்கேன். வெடின்னா பின்னாடின்னு அர்த்தம், படிச்ச பின்னாடி இருக்கேன்னு சொல்ற மாதிரி. இதுலயும் பாரு அதே இருக்கேன்தான்.

இறந்த காலம்தான் எல்லாரும் பயப்படற இடம். முறைப்படி பாத்தா அதுவும் நம்ம மாதிரிதான், படிச்சேன், படிச்சே, படிச்சான்னு நாம வாலு ஒட்டற மாதிரி அவங்களும் ஆளுக்கு ஒரு வாலு ஒட்டுவாங்க, டஸ்கெஸ் ஈ, டஸ்கெஸ்ட் டீ, டஸ்கோத் ஓ. ஆனா பேச்சுல, அதுவும் நீ போற வடக்குப் பக்கம் ரொம்ப சகஜமா, ஒரு குறுக்கு வழி இருக்கு, 'நெஸ் ஈ'. அதுக்கு பண்ணேன்னு அர்த்தம். நாம ஃபோன் பண்ணேன், டிரை பண்ணேன், கேன்சல் பண்ணேன்னு எந்த வார்த்தைய கொண்டு வந்தாலும் பின்னாடி ஒரு பண்ணேன் போட்டு வேலைய முடிச்சிடறோம்ல, அதே தந்திரம்தான், அவங்க பண்ணேன முன்னாடி வைக்கறாங்க. 'நெஸ் ஈ தஸ்கி', படிச்சேன்.

டஸ்கி எப்படி தஸ்கி ஆச்சுன்னு கேப்ப. 'காகம்'னு சத்தமா சொல்லிப் பாரு. முதல் 'கா' கெட்டியா வருது, ரெண்டாவது 'க' மெத்துன்னு ஆயிடுது, ஆனா எழுத்து ஒண்ணுதான். ரெண்டு உயிர்க்கு நடுவுல மாட்டுன மெய் இளகிப் போகும், வெல்ஷ்லயும் இந்த பழக்கம் அப்படித்தான் ஆரம்பிச்சது. நாம எழுத்த மாத்தாம வாய்ல மட்டும் மாத்தறோம், அவங்க எழுத்தையும் மாத்திடறாங்க. அந்த 'தஸ்கி'ல வர்ற 'த'வ 'அது'ல வர்ற து மாதிரி சொல்லு. இந்த விதி எங்கெங்க வரும்னு பட்டியல் போட்டு படிக்காத, 'நெஸ் ஈ தஸ்கி'ன்னு முழுசா ஒரே மூச்சுல சொல்லிப் பழகு.

ஒழுங்குக்கு அடங்காத வினை முக்கியமா நாலு இருக்கு. எஸ் ஈ போனேன், டெஸ் ஈ வந்தேன், கெஸ் ஈ கிடைச்சது, நெஸ் ஈ பண்ணேன். நாலும் ஒரே சந்தத்துல ஓடுது, ரெண்டு நாள் போதும். 'வா' எப்படி 'வந்தேன்' ஆச்சுன்னு உன் பையன் உன்னை எப்பவாவது கேட்டிருக்கானா?

அடுத்து அந்த வீடியோ குழப்பம். ரெண்டு பேருமே சரியாத்தான் சொல்றாங்க. வெல்ஷ்ல வடக்கு பேச்சு வேற, தெற்கு பேச்சு வேற, கோயமுத்தூர்காரங்க 'ஏனுங்க'ம்பாங்க திருநெல்வேலில 'ஏலே'ம்பாங்க பாரு, அந்த மாதிரி. 'இப்போ'ங்கறத தெற்குல 'நவ்ர்'ம்பாங்க, வடக்குல 'ருவான்'ம்பாங்க, எழுதிப் பாத்தா ஒண்ண திருப்பிப் போட்டா இன்னொண்ணு. நாங்கன்னு சொல்ல தெற்குல 'டின் நீ', வடக்குல 'டான் நீ'. உன் பேங்கர் க்விநெத்ங்கற மாவட்டத்துல இருக்கு, வேல்ஸ்லயே வெல்ஷ் பேசறவங்க விகிதம் அதிகமா இருக்கறது அங்கதான், 2021 கணக்குப்படி 64.4 சதவீதம். அதனால கண்ண மூடிட்டு வடக்கு பாடத்த மட்டும் எடு. வெல்ஷ் கத்துக்குடுக்கறதுக்குன்னே அங்க ஒரு தேசிய மையம் இருக்கு, அவங்க இணையதளத்துல ஆரம்ப பாடம் காசு இல்லாம கிடைக்குது, வடக்கு தெற்குன்னு தனித்தனியாவே வச்சிருக்காங்க. இதுக்கு மேல புத்தக நடை வேற ஒண்ணு இருக்கு, நம்ம இருக்கின்றேன் மாதிரி. உன் பிடிஎஃப்ல அதையும் சேத்து கலந்திருப்பாங்க, எனக்கும் முதல்ல அப்படித்தான் வந்துச்சு.

நான் பொறந்தது தளி பக்கம். வீட்டுல தெலுங்கு, சந்தையில கன்னடம், ஸ்கூல்ல தமிழ். வச்சானு, பந்தெ, வந்தேன்னு மூணையும் ஒரே நாள்ல மாத்தி மாத்தி பேசுவோம், யாரும் அட்டவணை குடுக்கல. நம்ம ஜில்லாவுல பாதிப்பேர் அப்படித்தான். அதே வழியில தான் வெல்ஷும் எனக்கு வந்துச்சு. தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளு பின்னாடி ஒரு நாளைக்கு ஒரு வினை எழுதி அடுப்புக்கு மேல ஒட்டுவேன், அன்னைக்கு பூரா அத வச்சே வாய்விட்டு பேசுவேன். நீ ராத்திரி வேலை முடிச்சு உக்காராத, பாத்திரம் கழுவறப்பவே 'டூ இன் கோல்கி'ன்னு சொல்லிட்டே கழுவு, கழுவிட்டு இருக்கேன்னு அர்த்தம். முடிச்சதும் 'டூ ஈ வெடி கோல்கி'.

இன்னொண்ணு, 'டஸ்கி'ன்னா கத்துக்கறதும்தான், கத்துக்குடுக்கறதும்தான். பையன பக்கத்துல நிக்க வச்சுக்கோ.

கேள்வி: வெல்ஷ இப்ப யாரு பேசறாங்க, அழிஞ்சிட்டு வர்ற மொழிதானே? - வாசகர், பாலக்கோடு

பதில்: 2021 கணக்கெடுப்புல வேல்ஸ்ல 5,38,300 பேர் வெல்ஷ் பேசுவோம்னு சொல்லியிருக்காங்க, 17.8 சதவீதம். குறைஞ்சிருக்குங்கறது நிஜம், ஆனா 2050க்குள்ள பத்து லட்சம் ஆக்கணும்னு அந்த அரசாங்கமே திட்டம் போட்டு வேலை செய்யுது. அழிஞ்சிட்டு வருதுன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க, பேசறவங்க காதுல விழுந்தா வலிக்கும்.

கேள்வி: வெல்ஷ்ல ஆமான்னு சொல்ல வார்த்தையே கிடையாதாமே, உண்மையா? - கல்லூரி மாணவி, ஓசூர்

பதில்: எல்லா கேள்விக்கும் பொருந்தற மாதிரி ஒரே ஆமா கிடையாதும்மா. கேள்வி எந்த வினையில வந்துச்சோ அந்த வினையாலயே பதில் சொல்லணும். 'நீ படிக்கறியா'ன்னு கேட்டா 'அடூ', இருக்கேன். 'அவ படிக்கறாளா'ன்னு கேட்டா 'அடி', இருக்கா. இது உனக்கு புதுசா என்ன, நம்ம வீட்டுல 'சாப்ட்டியா'ன்னு கேட்டா யாராவது ஆமாம்பாங்களா, 'சாப்ட்டேன்'தானே வரும்? வினை இல்லாம வேற வார்த்தையில ஆரம்பிக்கற கேள்விக்கு மட்டும் 'ஈயெ'ன்னு ஒரு ஆமா உண்டு. முடிஞ்சு போன காலத்துக்கு ரொம்ப சுலபம், யாரப் பத்தி கேட்டாலும் 'டோ'ன்னா ஆமா, 'நாதோ'ன்னா இல்ல. சாப்ட்டியாம்மா? டோ.