பெட்டிக்குள் கேக், பட்டியலில் பெயர்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் தளத்தை நெடுநாளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. நான் மொரிஷியஸில், ரோஸ் ஹில் நகரில் வசிக்கிறேன். தீபாவளிக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரிக்கும் கத்தோ பத்தாத்தும், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழக் கேக்கும் செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். சிலர் கேட்டதால் சில ஆண்டுகளாக விற்கவும் செய்கிறேன். இப்போது, உணவைக் கையாள்பவருக்கான சான்றிதழ் இல்லாமல் விற்கக் கூடாது என்று தெரிந்தவர் ஒருவர் எச்சரிக்கிறார். என் வீட்டு அடுப்படியில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? ரொட்டி விலையை அதுதான் வைக்கிறது, சிம் கார்டுக்கும் அதுதான் படம் கேட்டது, இப்போது கேக்குக்கும் வந்துவிட்டது.

எங்கள் மாதர் குழு ஒவ்வொரு டிசம்பரிலும் முதியவர்களுக்குக் கேக்கும் பிஸ்கட்டும் அடங்கிய பெட்டி ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறது. வாங்குபவரின் அடையாள அட்டை நகல், தொலைபேசி எண், பெட்டியை வாங்கும்போது எடுத்த படம் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். படங்களை ஃபேஸ்புக்கிலும் போடுகிறோம். நாங்களே இவ்வளவு சீராக நடத்தும்போது அரசாங்கம் எதற்குத் தலையிட வேண்டும்?

இன்னொரு சிறு ஐயம். ரம்மில் ஊறிய பழங்கள் சேர்த்த கேக்கைத் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கப்போகும் வீட்டுக்குக் கொடுக்கலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வெளியிட்டுப் பதில் எழுதுவது சான்றிதழுக்காகவும் அல்ல, ரம்முக்காகவும் அல்ல. நடுவில் நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கும் ஒரு வாக்கியத்துக்காகவே எழுதுகிறேன். கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தை அது தொட்டுவிட்டது. மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

டிசம்பரில் கொடுத்த கேக் காவடி விரதம் தொடங்கும் வரை ஒரு வீட்டில் மிஞ்சியிருக்குமானால், அது ரம்மின் குற்றம் அன்று. உங்கள் கைப்பக்குவத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். தவிர, முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ரம்மை மட்டும் விசாரிக்கும் பக்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் மாதப் புழுக்கத்தில் வெண்ணெயும் முட்டையும் போட்டுச் செய்த பண்டத்தை, உங்களை முன்பின் அறியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கித் தம் பிள்ளைக்கு ஊட்டுகிறார். செய்தவர் யார், சுத்தம் அறிந்தவரா என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அவர் சார்பில் அந்தக் கேள்வியை அரசாங்கம் கேட்கிறது. அன்பளிப்பாகக் கொடுத்த காலத்தில் யாரும் உங்களைக் கேட்கவில்லையே! விற்கத் தொடங்கிய பிறகும் அடுப்படி வெறும் அடுப்படியாகவே இருக்க வேண்டும் என்று முறையிடுவது உங்களுக்கு அழகல்ல.

ரொட்டி விலையையும் நீங்கள் குற்றச்சாட்டில் சேர்த்ததுதான் எனக்குக் கோபமூட்டியது. நூறு கிராம் எடையுள்ள ‘பேன் மெசோன்’ ரொட்டியை நாம் பல ஆண்டுகளாக 2 ரூபாய் 60 சென்ட்டுக்கு வாங்கித் தின்கிறோம். உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறும்போதும் இந்த விலை ஏறாமல் நிற்பதற்குக் காரணம் அரசாங்கம் கொடுக்கும் மானியம்தான். 1982-இல் அமைத்த ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனம் வழியாக மாவு வருகிறது. விலைக்கும் செலவுக்கும் இடையில் விழும் துண்டைப் பொதுப்பணம் சுமக்கிறது. இதுவும் தலையீடுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தலையீடு உங்கள் பெயரைக் கேட்டதுண்டா? குரேப்பிப்பில் பெரிய வீட்டில் இருப்பவரும், கரும்புத் தோட்டத்தை ஒட்டிய தகர வீட்டில் இருப்பவரும் அதே காசைக் கொடுத்து அதே ரொட்டியை வாங்கிப் போகிறார்கள். யார் வாங்கினார்கள் என்பதற்கு எந்த நோட்டிலும் குறிப்பு இல்லை.

மானியத்தை எல்லோருக்கும் இறைப்பது வீண், தேவையுள்ளவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று படித்தவர்கள் சொல்லும்போது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேவையுள்ளவரைக் கண்டறியப் பட்டியல் வேண்டும். பட்டியலில் சேர விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரத்தைப் புரட்டிப் பார்க்க மேசைக்குப் பின்னால் ஒருவர் வேண்டும். முடிவில், காலையில் ரொட்டி வாங்கப் புறப்பட்ட கிழவி தன் ஏழ்மையை அந்த ஒருவருக்கு மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். பணக்காரர் நாலு பேர் மலிவு ரொட்டி தின்றுவிட்டுப் போகட்டும் என்பதே என் கட்சி. சமையலறைக்குள் அரசு வருகிறதா இல்லையா என்பது எனக்குப் பெரிய கேள்வி அல்ல. வரும்போது பெயரைக் கேட்டுக்கொண்டு வருகிறதா என்பதே கேள்வி. விற்பவரின் பெயரைக் கேட்கட்டும், அதிகாரத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்கட்டும்; தின்பவரின் பெயரைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

கொரோனா வந்த 2020-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாதக் கடைசியில் சூப்பர்மார்க்கெட்டுகளையும் கடைகளையும் பேக்கரிகளையும்கூட மூடினார்கள். ஏப்ரல் 2 முதல் குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி கடைக்குப் போகலாம் என்றார்கள்: ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும், ஜி முதல் என் வரை செவ்வாயும் வெள்ளியும், ஓ முதல் இசட் வரை புதனும் சனியும். எங்கள் குடும்பப் பெயர் வி என்ற எழுத்தில் தொடங்குகிறது. அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டின் பெயர் ஏ. சித்திரை வருஷப் பிறப்புக்குத் தேங்காய் டார்ட் செய்ய வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். கோயில் மூடிக் கிடந்தது, யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது, இருந்தாலும் டார்ட் இல்லாமல் வருஷம் பிறக்காது என்பது அவள் கணக்கு. அவளுடைய நாளில் மாவு தீர்ந்துபோயிருந்தது. என்னுடைய நாளில் வெண்ணெய் இல்லை. கிடைத்ததை வேலிக்கு மேலாகக் கைமாற்றிக்கொண்டோம்.

அந்த வரிசையில் நான் கண்டது ஒன்று உண்டு. முகக்கவசம் போட்ட காவலாளி ஒவ்வொருவர் அட்டையையும் கண்ணருகே பிடித்து, பெயரின் முதலெழுத்துக்குக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற பெரியவரை அவர் திருப்பி அனுப்பினார். பெரியவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் தகப்பன் ஒருவரே, குடும்பப் பெயரும் ஒன்றே. ஆனால் பிறப்பைப் பதிந்த எழுத்தர் அண்ணனுக்கு எஸ் போட்டிருக்கிறார், தம்பிக்குச் சி போட்டிருக்கிறார். அண்ணன் புதன்கிழமை மாவு வாங்கலாம், தம்பி வாங்கக் கூடாது. பெரியவர் சண்டை போடவில்லை; அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, காலிப் பையை மடித்தபடி நடந்து போனார். கூட்டத்தைக் குறைத்து நோயைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை கூறவில்லை. இரண்டாம் வாரத்திலேயே வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்பதற்கு முன்பே அட்டையை நீட்டிக்கொண்டு நின்றோமே, அந்தப் பழக்கம்தான் என்னை உறுத்தியது.

பழக்கம் நேற்று வந்ததும் அன்று. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், இந்தியாவிலிருந்து இங்கே வந்த ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். 1867-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்த பழைய கூலியும் தன் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டைச் சுமந்து திரிய வேண்டும் என்றது. கையில் சீட்டு இல்லாதவன் நாடோடி, பிடித்துப் போகலாம். உழைத்துக் கடன் தீர்த்து விடுதலை பெற்ற மனிதன் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் மகளுக்குப் பண்டிகைப் பலகாரம் கொண்டுபோக நினைத்தாலும், மடியில் பலகாரம் இருப்பதைவிடச் சீட்டு இருப்பது முக்கியம். 1871-இல் 9,401 பழைய கூலிகள் இந்தக் கொடுமைகளுக்கு எதிராக மனுக் கொடுத்தார்கள். மனுவை முன்னின்று தயாரித்த அடோல்ஃப் தெ பிளெவிட்சின் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். உடன் நின்று உழைத்த ராஜரத்தின முதலியாரை நம்மவர்களே சொல்வதில்லை. அந்த மனுவைத் தொடர்ந்து அரச விசாரணைக் குழு வந்து, 1875-இல் அறிக்கை கொடுத்தது. படம் ஒட்டிய சீட்டைச் சுமக்க மாட்டோம் என்று கையெழுத்தும் கைநாட்டும் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

2013-இல் புதிய அடையாள அட்டைக்கு விரல்ரேகை கேட்டபோது ஒருசிலர்தான் நீதிமன்றம் போனார்கள். ரேகையை எடுக்கலாம், ஆனால் சேமித்து வைத்திருப்பது நியாயமில்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, ஏற்பாட்டில் தனியுரிமைக்குப் போதிய காப்பு இல்லை என்று கூறியது. அதே ஆண்டில்தான் நாம் சமூக ஊடகங்களில் அனுப்பும் செய்திகளையெல்லாம் இடையில் நிறுத்திப் பிரித்துப் பார்க்கும் யோசனை ஒன்றைத் தகவல் தொடர்பு ஆணையம் முன்வைத்து, எதிர்ப்பைச் சந்தித்தது. 2024 தேர்தலுக்கு முன்னால், தொலைபேசியில் ஒட்டுக்கேட்ட பேச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்ததையும், தீபாவளி முடிந்த கையோடு நவம்பர் 1 அன்று சமூக ஊடகங்களை அடைத்ததையும், மறுநாளே திறந்ததையும் நீங்களும் பார்த்தீர்கள். அந்த மறுநாள் நவம்பர் 2. ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கியதை நினைவுகூரும் விடுமுறை நாள்.

இதையெல்லாம் அறிந்த நீங்கள், ஒரு பெட்டிக் கேக்குக்காக ஒரு கிழவியிடம் அடையாள அட்டை நகல் வாங்குகிறீர்கள். அதையும் ஒழுங்கு என்று எழுதுகிறீர்கள்.

நம் அடையாள எண்ணில் குடும்பப் பெயரின் முதலெழுத்தும், அதையடுத்துப் பிறந்த தேதியும் இருக்கின்றன. அதனோடு தொலைபேசி எண்ணையும் சேர்த்தால், ஏமாற்ற நினைப்பவனுக்கு வேறு ஒன்றும் தேவையில்லை. அந்த நகல்கள் எங்கே இருக்கின்றன? குழுத் தலைவியின் வீட்டு அலமாரியிலா, செயலாளரின் கைபேசியிலா? போன ஆண்டு நகல்களை யார் அழித்தார்கள்? தேர்தல் வரும்போது, இந்த வட்டாரத்து முதியவர்களின் பெயரும் எண்ணும் இருக்கிறதாமே என்று கட்சிக்காரர் ஒருவர் இனிப்போடு வந்து நின்றால், மறுக்கும் துணிவு உங்கள் குழுவில் எத்தனை பேருக்கு உண்டு? அரசாங்கம் தகவல் சேர்த்தால் கேட்பதற்கு நீதிமன்றமாவது இருக்கிறது. உங்கள் அலமாரியைக் கேட்க அந்தக் கிழவி எங்கே போவாள்?

படத்தைப் பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. பெட்டியை வாங்கும் கை ஒன்று, கொடுக்கும் கைகள் ஐந்தாறு, எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வாங்குபவர் மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட படங்களை ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறேன். அவர் ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவராக இருக்கலாம். பிரான்சில் இருக்கும் அவர் மகன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, ஏனம்மா இப்படிப் போய் நின்றாய் என்று கேட்கலாம். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் படம் எடுத்தவனுக்குக் கூலி எங்கே இருக்கிறான் என்று தெரிய வேண்டியிருந்தது. உங்களுக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அடுப்புக்கு முன்னால் டிசம்பர் வெயிலில் நின்று, பழம் நறுக்கி, டின்னுக்கு வெண்ணெய் தடவித் தாள் போட்டு, ஊராரின் பெற்றோருக்காகக் கேக் சுடுகிற கைகள் உங்களுடையவை என்பதை அறிவேன். கத்தோ பத்தாத்தின் விளிம்பை முள்கரண்டியால் ஒவ்வொன்றாக அழுத்தி மூடுகிற பொறுமை உள்ளவர்கள் இந்தத் தீவில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்தக் கைகளுக்கு எழுத்தர் வேலை வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பதிவு இல்லாவிட்டால் சிலர் இரண்டு முறை வந்து வாங்கிவிடுவார்கள் என்று உங்கள் குழுவில் சொல்வார்கள். எத்தனை பெட்டி தேவை என்பதற்குத் தலைகளை எண்ணினால் போதும், பெயர்கள் வேண்டியதில்லை. இருக்கும் நகல்களை இந்த வாரமே கிழித்துப்போடுங்கள், படங்களை நீக்குங்கள். இரண்டாம் முறை வந்து வரிசையில் நிற்கும் முதியவருக்கு இரண்டாவது பெட்டியையும் கொடுத்து அனுப்புங்கள். பெட்டி போதாமல் போனால் எனக்கு எழுதுங்கள். மாவுக்கும் வெண்ணெய்க்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன், என் பெயரைப் போடாமல்.

அன்புடன்.