மூன்று கதவா, ஐந்து கதவா? மலைப்பாதைக்கு வண்டி வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: போடிநாயக்கனூரில் குடியிருக்கிறோம். சாந்தன்பாறைக்கு அப்பால் எங்களுக்குச் சிறிய ஏலத்தோட்டம் உள்ளது. பெரும்பகுதி தார்ச்சாலைதான், கடைசி மூன்று கிலோமீட்டர் மட்டும் கல்லும் சேறுமான ஜீப் பாதை. இதுவரை வாடகை ஜீப்பில் சென்று வந்தோம். இப்போது சொந்த வண்டி வாங்கப் போகிறோம். வீட்டில் நான், மனைவி, ஒன்பது வயதும் நான்கு வயதுமான இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய என் தாயார். மூன்று கதவு மஹிந்திரா தார் வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குட்டை வண்டிதான் மலையேறும், நீள வண்டி அடி தட்டும் என்று தோட்டத்து டிரைவரும் சொல்கிறார். மனைவியோ ஐந்து கதவு தார் ராக்ஸ்தான் வேண்டும் என்கிறார். எதை வாங்குவது?
– போடிநாயக்கனூர் வாசகர்

பதில்: டிரைவர் சொல்வதில் உண்மை உண்டு; ஆனால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை மனைவி சொல்வதே சரி. நீங்கள் ஐந்து பேர். மூன்று கதவு தாரில் இருப்பவை நான்கே இருக்கைகள். நான்கு வயதுப் பிள்ளையைப் பாட்டியின் மடியில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்களானால், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை சீட் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான தனி இருக்கையாலோ பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு கூறுகிறது. ஆர்.சி.யில் பதிவான எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் கோரிக்கையிலும் அது சிக்கலாக வந்து நிற்கும்.

கதவின் எண்ணிக்கையைக் கொண்டு இருக்கையைக் கணக்கிடவும் கூடாது. பின்பக்கம் திறக்கும் டிக்கிக் கதவையும் சேர்த்தே நிறுவனங்கள் மூன்று கதவு, ஐந்து கதவு என்கின்றன. இந்தியாவில் விற்கப்படும் மாருதி ஜிம்னி ஐந்து கதவு வண்டி. ஆனால் அதிலும் நான்கு பேருக்குத்தான் இடம். தார் ராக்ஸில் ஐந்து பேர் அமரலாம். ஃபோர்ஸ் கூர்க்காவின் ஐந்து கதவு வண்டியில் ஏழு பேர் அமரலாம். அதே கூர்க்காவின் மூன்று கதவு வண்டியில் நான்கு பேர்.

இனி டிரைவரின் பேச்சுக்கு வருவோம். மூன்று கதவு தாரின் நீளம் 3985 மி.மீ.; ராக்ஸின் நீளம் 4428 மி.மீ. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 443 மி.மீ., அதாவது ஏறத்தாழ ஒன்றரை அடி. இந்த ஒன்றரை அடி வண்டியின் எந்த இடத்தில் சேர்ந்தது என்பதே இங்கு முக்கியம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரமான வீல்பேஸ் தாரில் 2450 மி.மீ., ராக்ஸில் 2850 மி.மீ. ஆக, கூடிய நீளத்தில் 400 மி.மீ. சக்கரங்களுக்கு நடுவிலேயே போய்விட்டது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நீண்டிருக்கும் பகுதி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் மேட்டில் முன்பம்பர் இடிக்காமல் ஏறும் கோணம் இரண்டிலும் 41 டிகிரிக்குச் சற்று மேலாகவும், பின்பம்பர் இடிக்காமல் இறங்கும் கோணம் 36 டிகிரிக்குச் சற்று மேலாகவும், கிட்டத்தட்ட ஒன்றுபோல உள்ளன. மாறுவது மூன்றாவது கோணம். ஒரு மேட்டின் முகட்டைக் கடக்கும்போது வண்டியின் நடுவயிறு தட்டாமல் போக இடங்கொடுக்கும் அந்தக் கோணம், தாரில் சுமார் 27 டிகிரி, ராக்ஸில் 23.9 டிகிரி. உங்கள் டிரைவர் சொல்லும் 'அடி தட்டுவது' இந்த மூன்று டிகிரியைத்தான். தண்ணீரில் இறங்கும் ஆழம் இரண்டு வண்டிக்கும் 650 மி.மீ. என்றே நிறுவனம் குறிப்பிடுகிறது.

மூன்று டிகிரி என்பது அலட்சியம் செய்யத்தக்கதன்று. பாதையின் குறுக்கே கூர்மையான பாறை முதுகு நீட்டிக்கொண்டிருந்தால் அது தெரியவே செய்யும். ஆயினும் உங்கள் பாதை மூன்று கிலோமீட்டர்தான். அதில் அப்படிப்பட்ட இடம் ஒன்றோ இரண்டோ இருக்கக்கூடும். பாதை உங்களுடையதாகவோ பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பொதுவானதாகவோ இருந்தால், அந்த இடத்தில் ஒரு லோடு சரளையைக் கொட்டிச் சமன்படுத்துவது, பல லட்ச ரூபாய் வண்டியை அந்த ஒரு மேட்டுக்காகத் தேர்ந்தெடுப்பதைவிட மலிவானது. குட்டை வண்டிக்கு உண்மையான ஆதாயம் கிடைப்பது வளைவுகளில்தான். போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு வண்டியுமே தடையின்றித் திரும்பும். தோட்டத்துக்குள் இருக்கும் குறுகிய வளைவில் மட்டும் ராக்ஸை ஒருமுறை பின்னுக்கு எடுத்துத் திருப்ப வேண்டி வரலாம். அந்த வளைவின் வெளிப்பக்கம் பள்ளமாக இருக்குமானால் அதை இப்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்.

நீள வண்டிக்கும் அதற்கே உரிய நன்மைகள் உண்டு என்பதை ஜீப் ஓட்டிப் பழகியவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. வீல்பேஸ் குறைந்த வண்டி குண்டும் குழியுமான பாதையில் முன்னும் பின்னுமாக அதிகம் ஆடும். முன்சக்கரம் மேட்டிலிருந்து இறங்குவதற்குள் பின்சக்கரம் ஏறத் தொடங்கிவிடுவதே காரணம். செங்குத்தான ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாயும்போது, நீண்ட வண்டியின் முன்பக்கம் அவ்வளவு எளிதில் இலேசாவதில்லை. நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போதும் அது நிலையாக ஓடும். உங்கள் தாயாரின் முதுகுக்கு இவை எல்லாமே பொருட்படுத்த வேண்டியவை.

மூன்று கதவு தாரின் பின்னிருக்கைக்குப் போவதானால், முன்னால் இடப்பக்கம் உள்ள இருக்கையைச் சாய்த்து நகர்த்தி, அந்த இடைவெளியில் குனிந்து நுழைய வேண்டும். இருபது வயதில் இது விளையாட்டு. எழுபது வயதில் ஒவ்வொரு முறையும் ஒரு வேதனை. அவரை முன்னிருக்கையில் அமர்த்திவிட்டுப் பிள்ளைகளோடு மனைவி பின்னால் அமர்வது என்று வைத்துக்கொண்டாலும், ஒருவர் இறங்க வேண்டுமானால் பாட்டி முதலில் இறங்கியாக வேண்டும். ராக்ஸிலும் தரைமட்டம் உயரமாகத்தான் இருக்கிறது. கதவு தனியாக இருப்பதாலேயே ஏறுவது எளிதாகிவிடாது. எனவே ஷோரூமுக்குத் தாயாரையும் அழைத்துச் செல்லுங்கள். பக்கவாட்டுப் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பற்றி, யாருடைய உதவியுமின்றி அவரால் ஏறி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். விற்பனையாளர் காட்டும் திரையையும் பாட்டுப் பெட்டியையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பாதுகாப்பு மதிப்பீட்டையும் சொல்ல வேண்டும். மூன்று கதவு தார் 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. ராக்ஸ் 2024-இல் பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. வெவ்வேறு விதிமுறைகளின்படி நடந்த சோதனைகள் என்பதால் நட்சத்திரத்தை நட்சத்திரத்தோடு நேராக ஒப்பிடுவது முறையன்று. ராக்ஸின் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக்குகள் வருகின்றன; மூன்று கதவு தாரில் முன்னிருப்பவர்களுக்கு இரண்டு மட்டுமே. பிள்ளைகள் பின்னிருக்கையில் வளரப்போகும் வண்டி என்றால், என் கணக்கில் இது நட்சத்திரத்தைவிடப் பெரிய வேறுபாடு.

இவ்வளவையும் சொன்ன பிறகு, நீங்கள் தவறிவிடக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. ராக்ஸ் வாங்கினால் மட்டும் அது தோட்டத்து வண்டி ஆகிவிடாது. ராக்ஸின் பெட்ரோல் வகைகள் அனைத்தும் பின்சக்கர இயக்கம் கொண்டவை. ஃபோர் வீல் டிரைவ் டீசலில் மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட வகைகளில்தான், வருகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. தென்மேற்குப் பருவமழையில் உங்கள் ஜீப் பாதை குழம்பாகக் கிடக்கும்போது கதவின் எண்ணிக்கை உதவாது. நான்கு சக்கரத்துக்கும் செல்லும் விசையும், மெதுவாக ஆனால் கூடுதல் இழுவிசையோடு ஏற உதவும் லோ கியரும், ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றாலும் மற்றதற்கு விசை போகச் செய்யும் பின் அச்சின் டிஃபரென்ஷியல் லாக்கும்தான் உதவும். முன்பணம் கட்டும்போது பதிவுச் சீட்டில் வகையின் பெயரோடு 'ஃபோர் வீல் டிரைவ்' என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கில் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியைக் கவனியுங்கள். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம் என்பது 2023 நவம்பரில் வந்த விகிதம். 19.5 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி 3.51 லட்சம், 20.5 லட்சத்துக்கு 4.10 லட்சம். ஒரு லட்ச ரூபாய்க்கான கூடுதல் வசதிக்கு வரியில் மட்டும் 59,000 ரூபாய் கூடுகிறது. ஃபோர் வீல் ராக்ஸின் மேல்வகைகள் இந்த எல்லைக்கோட்டை ஒட்டியே நடமாடுவதால், ஒரு வகை கீழிறங்கி வாங்குவது உங்களைப் போன்றவருக்குப் புத்திசாலித்தனம். டீலர் வசூலிக்கும் 1 சதவீத டி.சி.எஸ். (விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) தொகையை வருமான வரிக் கணக்குத் தாக்கலின்போது கழித்துக்கொள்ளலாம். அதற்கான சான்றைக் கேட்டு வாங்க மறவாதீர்கள்.

கூர்க்காவின் ஐந்து கதவு வண்டியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்பேன். முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் டிஃபரென்ஷியல் லாக், 700 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் இறங்கும் திறன், ஏழு இருக்கை என்று தோட்டத்துக்கு அது பொருத்தமான வண்டிதான். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது. வண்டியை எடுக்குமுன் உங்கள் ஊரிலிருந்து அதன் சர்வீஸ் நிலையம் எத்தனை தூரம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேனி, மதுரைப் பக்கத்தில் வேலை முடியாவிட்டால் அறுவடைக் காலத்தில் வண்டி சர்வீஸில் நிற்கும்.

கேள்வி: ஓசூரில் பணியாற்றுகிறேன். நானும் மனைவியும் மட்டும்தான். வார விடுமுறைகளில் கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கே வண்டி. ஐந்து கதவுதான் பிறகு நல்ல விலைக்குப் போகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மூன்று கதவு தாரா, ஜிம்னியா?
– ஓசூர் வாசகர்

பதில்: விற்கப்போகும் நாளுக்காக வண்டி வாங்க வேண்டாம். இருவர் மட்டும் என்றால் மூன்று கதவு உங்களுக்குக் குறையாகாது. பின்னிருக்கைகளை மடித்துவிட்டால் அதுவே சாமான் அறை.  

ஜிம்னியோடு ஒப்பிடும்போது ஒரு வேடிக்கை என்னவென்றால், ஐந்து கதவு ஜிம்னியின் நீளமும் மூன்று கதவு தாரின் நீளமும் ஒன்றே: 3985 மி.மீ. அகலத்தில் ஜிம்னி 1645 மி.மீ., தார் 1820 மி.மீ. இரண்டு பக்கமும் புதரும் பாறையும் நெருக்கும் தடத்தில் இந்த 175 மி.மீ. பெரிய சலுகை. ஜிம்னியின் எடையும் சுமார் 1200 கிலோதான். சேற்றிலும் மணலிலும் இலேசான வண்டி புதையாமல் தப்பிவிடும், புதைந்தாலும் இழுத்தெடுக்க எளிது. ஃபோர் வீல் டிரைவ் அதன் எல்லா வகைகளிலும் உண்டு. குறை எஞ்சினில் இருக்கிறது. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 134 நியூட்டன் மீட்டர் இழுவிசையே தருவதால், ஏற்றத்தில் கியரைக் குறைத்து எஞ்சினை இரைய விட்டுத்தான் ஏற வேண்டும். டீசல் தாரின் 300 நியூட்டன் மீட்டரை ஓட்டிப் பார்த்தவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும். நெடுஞ்சாலையில் அதிக தூரம் போய்ப் பிறகு கரடுமுரடான பாதையில் இறங்குபவரானால் தாரையும், நகரத்துக்குள் தினமும் ஓட்டுபவரானால் ஜிம்னியையும் எடுப்பேன்.

ஓசூரைச் சுற்றிக் காப்புக்காடுகள் பல உள்ளன. தடம் தெரிகிறது என்பதற்காக வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே இறங்கினால் வழக்கு வரும். வண்டியையும் பிடித்து வைப்பார்கள்.

கேள்வி: 1.5 லிட்டர் டீசல் மூன்று கதவு தார் விலை குறைந்துவிட்டது என்கிறார்களே, அதை வாங்கிப் பிறகு ஃபோர் வீல் ஆக்கிக்கொள்ளலாமா?
– மதுரை வாசகர்

பதில்: விலை குறைந்தது உண்மைதான். நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1500 சி.சி.க்கு மிகாத டீசல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆயிற்று. அதற்கு முன் செஸ் உட்பட 31 சதவீதம். மூன்று கதவு தாரின் இந்த ஓர் எஞ்சின் வகை அதற்குள் அடங்கிவிட்டது. பெரிய எஞ்சின் தார், ராக்ஸ், 1200 சி.சி.யைத் தாண்டும் பெட்ரோல் எஞ்சினுள்ள ஜிம்னி ஆகியவை 40 சதவீதத்தில் நிற்கின்றன.

ஆனால் அது பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்ட வண்டி. உயரமும் தோற்றமும் வேண்டும், நல்ல சாலையில்தான் ஓட்டுவேன் என்பவருக்கு அது போதும். பிறகு ஃபோர் வீல் ஆக்குவது நடக்காத காரியம். நிறுவனம் பதிவு செய்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் முன் அச்சு, அதற்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அவற்றைப் பொருத்தும் வேலை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். நிறுவனத்தின் வாரண்டியும் போய்விடும். ஃபோர் வீல் தேவைப்படும் என்று இப்போதே தோன்றினால், பயன்படுத்திய ஃபோர் வீல் தார் ஒன்றை இதே பணத்தில் தேடுங்கள். அடிப்பாகத்தில் பாறை உரசிய தடம் இருக்கிறதா, பெரிய டயர் மாட்டிக் கழற்றியிருக்கிறார்களா என்று மெக்கானிக் ஒருவரைக் கொண்டு லிஃப்டில் ஏற்றிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.