கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியின் கைப்பிரேக் பிடிக்கவில்லை: கேபிளை மாற்றினால் போதுமா?

கேள்வி: என்னுடையது சேறு, ஆற்றுத் தண்ணீர், கற்பாதை எல்லாவற்றிலும் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டி. கைப்பிரேக் லீவர் இழுக்க இழுக்க மேலே வருகிறது. ஆனாலும் சரிவில் வண்டி நகர்கிறது. கேபிளை மாற்றினால் போதுமா? நானே செய்யலாமா? பிரேக் குழாயில் பூட்டு வால்வு ஒன்றைப் பொருத்தினால் கைப்பிரேக்கே வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். அது சரியா?

பதில்:

கேபிளில் கை வைக்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

லீவர் அதிகம் மேலே வந்தால் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, கேபிளின் நட்டை நாலு சுற்று முறுக்குவதுதான். உடனே கைப்பிரேக் பிடிக்கும், வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற உருளைக்குள், அதன் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும் ஷூ என்ற வளைந்த பாகத்தை விரிக்கும் சிறிய லீவர் ஒன்று இருக்கிறது. கைப்பிரேக்கை இறக்கியதும் அது தன் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்ப வேண்டும். கேபிளை இழுத்துக் கட்டிவிட்டால் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகக் குறைக்கும் அமைப்பு பல வண்டிகளில் இந்த லீவர் முழுதாகத் திரும்பினால்தான் சரியாக வேலை செய்யும். விளைவு, கைப்பிரேக்கைச் சரிசெய்யப் போய்க் கால் பிரேக்கையும் கெடுத்துக்கொள்கிறோம். பெடல் நாளுக்கு நாள் ஆழமாக இறங்கும், டிரம் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். கேபிளைச் சரிசெய்வது இந்த வேலையின் கடைசிப் படி. சக்கரத்தின் பக்கத்திலிருந்து தொடங்கி லீவரை நோக்கி வர வேண்டும்.

அதற்கும் முன்னால் உங்கள் வண்டியின் கைப்பிரேக் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது பின்சக்கர டிரம்மிலோ, பின் டிஸ்க்கின் நடுவில் ஒளிந்திருக்கும் சிறு டிரம்மிலோ இருக்கும். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலும், 1948-இல் வந்த முதல் லேண்ட் ரோவரிலிருந்து 2016-இல் உற்பத்தி நின்ற டிஃபெண்டர் வரையிலும் அது சக்கரத்தில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பெட்டியின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) பின்புறம், பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் வண்டியை ஜாக்கியில் தூக்குவது உயிருக்கே ஆபத்து.

காரணம் இதுதான். ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தினாலும், டிஃபரென்ஷியல் (ஆக்சிலின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்லமைப்பு) பூட்டப்படாதவரை ஒரு சக்கரம் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுழல முடியும். இரண்டும் தரையை வழுக்காமல் பிடித்திருக்கும்வரை அது நடக்காது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் காற்றில் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். கைப்பிரேக் முழுதாகப் போட்டிருக்கும்போதே வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி ஓடிவிடும். முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே உள்ள டிஃபரென்ஷியலுக்குப் பூட்டு இருந்தால் அதைப் போடுங்கள். பகுதி நேர நான்கு சக்கர இயக்கம் என்றால் முன் ஆக்சிலை இணையுங்கள். அதன் பிறகும், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் முட்டுக்கட்டை கொடுக்காமல் அடியில் போகாதீர்கள்.

இன்னொரு பொறி, ட்ரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் உள்ள எல்லா வண்டிகளுக்கும் பொது. "கியரில் போட்டிருக்கிறேனே, எங்கே போய்விடும்?" என்பார்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், முதல் கியரானாலும் ஆட்டோமேட்டிக் வண்டியின் பார்க்கிங் நிலையானாலும் வண்டியைப் பிடிக்காது. கியர்பெட்டிக்கும் சக்கரத்துக்கும் இடையே தொடர்பே அறுந்திருக்கிறது. லோ ரேஞ்சுக்கு (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) மாற்றும்போது ட்ரான்ஸ்ஃபர் கேஸின் குச்சி பாதியில் நிற்பது அப்படி ஒன்றும் அபூர்வமில்லை.

இப்போது டிரம்மைக் கழற்றலாம். கைப்பிரேக்கை இறக்கி, கேபிளைத் தளர்த்தி, ஷூ சரிப்படுத்தும் பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு இழுங்கள். வராவிட்டால் சுத்தியலைத் தேடாதீர்கள். டிரம்மின் முகத்தில் மறையிட்ட இரண்டு துளைகள் பெரும்பாலும் இருக்கும். பொருத்தமான போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். சேற்றில் ஓடிய வண்டி என்றால் உள்ளே காண்பது அழகான காட்சியாக இருக்காது. அடிப்பகுதியில் மண்ணும், ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கின் தூளும் தண்ணீரோடு சேர்ந்து இறுகிக் கிடக்கும். இந்தக் கலவை உப்புத்தாள் மாதிரி வேலை செய்து லைனிங்கையும் டிரம்மையும் சேர்த்தே தேய்த்திருக்கும். டிரம்மின் உள்பரப்பில் விரலை வைத்தால் வரிவரியாகப் பள்ளம் தட்டுப்படும். ஊதிச் சுத்தம் செய்ய வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

லைனிங்கின் கனத்துக்குப் பல வண்டிகளில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர்தான் கடைசி எல்லை. டிரம்மின் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச விட்டம் பெரும்பாலும் அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டியிருந்தால் புதிய ஷூ போட்டும் பயனில்லை. லைனிங் கண்ணாடிபோல் பளபளத்தால் அது சூட்டில் இறுகிவிட்டது என்று பொருள். லேசான பளபளப்பை உப்புத்தாளால் எடுக்கலாம். எண்ணெய் ஊறியிருந்தால் எதுவும் செய்ய முடியாது. பெட்ரோலில் கழுவுவது, தீயில் வாட்டுவது போன்ற வைத்தியங்களை எல்லாம் கேட்டிருக்கிறேன். மேலே காய்ந்ததுபோல் தெரியும். பிரேக் சூடானதும் உள்ளே ஊறியது வெளியே வரும். தூக்கி எறியுங்கள், இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஆனால் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் புது ஷூ போடுவது வீண் செலவு. எண்ணெயைத் தடுத்துவைக்கும் வளையமான ஆக்சில் ஆயில் சீல் கசியலாம், கால் பிரேக்கை அழுத்தும்போது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசியலாம், ஷாஃப்டில் பிரேக் இருக்கும் வண்டியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின் சீல் கசியலாம். சீலை மாற்றியும் மறுபடி கசிகிறது என்றால் ஆக்சிலின் மேல் இருக்கும் மூச்சுத் துளையைப் பாருங்கள். பலரும் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். வண்டி ஓட ஓட ஆக்சிலுக்குள் காற்று சூடாகி விரியும். துளையைச் சேறு அடைத்திருந்தால், அந்த அழுத்தம் எண்ணெயை சீல் வழியாக நேரே பிரேக்கின் மேல் தள்ளும். சூடான ஆக்சிலோடு ஆற்றில் இறங்கினால் நேர் எதிராக நடக்கும்: உள்ளே காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்க, சீல் வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படும். ஆக்சில் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். மூச்சுத் துளைக்கு ஒரு குழாய் போட்டு என்ஜின் அறை வரை உயர்த்திக் கட்டிவிடலாம். செலவு மிகக் குறைவு, பலன் பெரிது.

அடுத்தது பெல் கிராங்க். கேபிளின் இழுப்பைத் திசைதிருப்பி டிரம்முக்குள் அனுப்பும் எல் வடிவச் சிறு லீவர் அது. டொயோட்டா லேண்ட் குரூசர் 70, 80 வரிசை வண்டிகளில், ஷூக்களைத் தாங்கும் பின் தட்டுக்குப் பின்னால், சேறு நேராக வந்து அடிக்கும் இடத்தில் இருக்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்ததும் தண்ணீர் புகுந்து, சுழலும் அச்சு துருவில் இறுகிவிடும். கையால் தள்ளிப் பாருங்கள்: தடையில்லாமல் போய், ஸ்பிரிங் இழுத்ததும் டக்கென்று திரும்ப வேண்டும். மெதுவாக ஊர்ந்து திரும்பினாலே அது நோயாளி. கழற்றி, அச்சைத் துருப்போகத் தேய்த்து, தண்ணீரில் கரையாத கிரீஸ் தடவி, புது ரப்பர் உறையோடு போடுங்கள். வெளியிலிருந்து துரு நீக்கும் எண்ணெயைப் பீய்ச்சுவதோடு நின்றுவிட்டால், அது அடுத்த சேற்றுக் குளியல் வரைதான் தாங்கும். "கேபிள் போய்விட்டது" என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு உண்மையான குற்றவாளி இந்த அச்சுதான்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கேபிளுக்கு வாருங்கள். இரண்டு முனையையும் கழற்றி, உள்கம்பியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கரகரவென்று உரசினாலோ, ஓர் இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தாலோ புதிதாக மாற்றுவது ஒன்றே வழி. பல கேபிள்களின் உறைக்குள் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அவற்றுக்கு எண்ணெய் தேவையில்லை. ஊற்றினால் மண்ணைத்தான் பிடித்துவைக்கும். அறுந்த கம்பியைக் கிளாம்ப் போட்டு இணைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேபிள் நன்றாக இருந்தும் இழுப்பு வரவில்லை என்றால், அதன் உறையைத் தாங்கும் பிராக்கெட்டைப் பாருங்கள். கல்லிலோ மரவேரிலோ அடிபட்டு அது வளைந்திருந்தால், லீவரை இழுக்கும்போது உள்கம்பிக்குப் பதில் பிராக்கெட்டே நகரும். ஒருவர் லீவரை இழுக்க, இன்னொருவர் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டி என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. ஆக்சில் முழுதாகக் கீழே தொங்கும் நிலையில் கேபிள் விறைத்து நிற்கிறதா என்று பாருங்கள். விறைத்தால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் பிரேக் தானாகப் பிடிக்கும். அதற்கு நீளமான கேபிளோ, மாற்றி அமைத்த பிராக்கெட்டோ வேண்டும்.

கைப்பிரேக் லீவரின் அடியில் இருக்கும் பற்கள் மழுங்கியிருந்தால், அதாவது இழுத்துவிட்ட லீவர் தானாக நழுவி இறங்கினால், அந்த அமைப்பை முழுதாக மாற்றுங்கள். அரம் போட்டுப் பல் தீட்டும் வேலை வேண்டாம்.

இனி சரிப்படுத்துவது. முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, பின் ஆக்சிலுக்கு இரு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டு, கியர் நியூட்ரல். கேபிள் முற்றிலும் தளர்வாக இருக்கட்டும். டிரம் லேசாக உரசும்வரை பல்சக்கரத்தைத் திருப்பி, உரசல் நிற்கும்வரை கொஞ்சம் பின்வாங்குங்கள். கால் பிரேக்கைச் சில முறை அழுத்தினால் ஷூ நடுவில் வந்து உட்காரும். மறுபடியும் சுழற்றிப் பாருங்கள். கடைசியாகத்தான் கேபிளின் தொய்வை எடுப்பது. சக்கர டிரம் வண்டிகள் பலவற்றில் கைப்பிரேக் லீவர் 4 முதல் 7 பல் ஏறுவதற்குள் முழுதாகப் பிடிக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே இறுதி. லீவரை இறக்கியதும் இரண்டு சக்கரமும் தடையின்றிச் சுழல வேண்டும்.

ஷாஃப்டில் பிரேக் இருக்கும் வண்டியில் இதே வரிசைதான், ஆனால் டிரம்மைக் கழற்ற ஷாஃப்டை அவிழ்க்க வேண்டும். சாதாரண ஸ்பேனர்கள் வைத்திருப்பவர் சக்கர டிரம் வேலையைத் தாராளமாகத் தானே செய்யலாம். ஷாஃப்டும் சீலும் கழற்ற வேண்டும் என்றால், முன்பு செய்து பழகிய ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. இந்த வகையில் பிரேக் போட்ட பிறகும் வண்டி ஒரு சிறு ஆட்டம் ஆடி நிற்பது கோளாறு அல்ல, டிஃபரென்ஷியல் பற்களுக்கிடையே உள்ள இடைவெளிதான் அது. சின்ன டிரம் எப்படி இவ்வளவு பெரிய வண்டியைப் பிடிக்கிறது என்றால், ஆக்சிலின் பல்விகிதம் அதன் பிடியைப் பெருக்கித் தருகிறது. டிஃபெண்டரில் 3.54 மடங்கு, வில்லிஸ் ஜீப்பில் 4.88 மடங்கு. அதே காரணத்தால், ஓடும் வண்டியில் இந்தக் கைப்பிரேக்கை இழுக்கவே கூடாது. ஆக்சில் ஷாஃப்ட் முறியலாம்.

டிஸ்க்கின் நடுவில் இருக்கும் சிறு டிரம் வகைக்குப் புது ஷூ போட்டால், மெதுவான வேகத்தில் லீவரை லேசாக இழுத்துப் பிடித்துச் சில நூறு மீட்டர் ஓட்டி லைனிங்கைப் பழக்க வேண்டும். ஓடும்போது அந்த ஷூக்களுக்கு வேலையே இல்லாததால் அவை தாமாகப் பழகுவதில்லை.

சோதிக்கும்போது கால் பிரேக்கின் மேல் காலைத் தயாராக வைத்து, மிதமான சரிவில் வண்டியின் முகம் மேலே பார்த்தும் கீழே பார்த்தும் நிறுத்துங்கள். டிரம் சுழல முயலும் திசையைப் பொறுத்து ஷூவின் பிடி மாறும். கார்களுக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 13-எச், சுமை ஏற்றிய வண்டியைக் கைப்பிரேக் 20 சதவீதச் சரிவில் நிறுத்த வேண்டும் என்கிறது. அதாவது கிடையாக 5 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் உயரும் ஏற்றம். காட்டுப் பாதையில் இதைவிடச் செங்குத்தான இடங்கள் சாதாரணம். ஆகவே வேலை நன்றாக முடிந்திருந்தாலும் முட்டுக்கட்டைகளை வண்டியிலேயே வைத்திருங்கள். ஆற்றில் இறங்கி வந்த அன்று இரவு சமதரையில் கைப்பிரேக்கைப் போடாமல், கியரில் போட்டு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்துங்கள். ஈர ஷூ துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

பூட்டு வால்வு விஷயத்துக்கு வருகிறேன். பெடலை அழுத்தி, அந்த அழுத்தத்தைக் குழாய்க்குள்ளேயே அடைத்துவைப்பதுதான் அது செய்யும் வேலை. பாறைமேல் ஏறும்போது ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடி ஒரு நிமிடம் வண்டியைப் பிடித்துவைக்க உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் சூடான பிரேக் குளிரும்போது எண்ணெய் சுருங்கி அழுத்தம் குறையும். எங்காவது துளி கசிந்தாலும் குறையும். வண்டி உடனே நகராது, நீங்கள் இறங்கிப் போன பிறகுதான் நகரும். மேலே சொன்ன அதே ஒழுங்குவிதி, நிறுத்தும் பிரேக்கை முற்றிலும் இயந்திர முறையில்தான் பூட்டிவைக்க வேண்டும் என்கிறது. அந்த வால்வை வேண்டுமானால் கூடுதலாகப் பொருத்திக்கொள்ளுங்கள், கைப்பிரேக்கை மட்டும் கழற்றாதீர்கள்.