பெரெக் அமைப்பின் ஆண்டுப் பணித்திட்டத்தில் ஒரு கோரிக்கையை இடம்பெறச் செய்வது எப்படி?

கேள்வி: நான் அயர்லாந்தின் டப்ளினில் ஒரு சிறு நிறுவனத்தின் பங்குதாரர். குளிர்பதன லாரிகளில் பொருத்தும் வெப்பநிலைக் கருவிகளுக்குச் சிம் இணைப்பு வழங்குகிறோம். ஐரிஷ் சிம் கொண்ட எங்கள் கருவிகள் மாதக்கணக்கில் வேறொரு நாட்டிலேயே இயங்குவதால், ‘நிரந்தர ரோமிங்’ என்று காரணம் சொல்லி அங்குள்ள சில நெட்வொர்க்குகள் இணைப்பைத் துண்டித்துவிடுகின்றன. நாட்டுக்கு நாடு பதிலும் மாறுகிறது. ஐரோப்பியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புகள் ஒன்றுசேர்ந்து நடத்தும் பெரெக்கிடம் இதைப் புகாராகக் கொடுக்க முடியுமா? அடுத்த ஆண்டு எந்தப் பணிகளை எடுத்துக்கொள்வது என்பதை அங்கே யார், எப்போது முடிவு செய்கிறார்கள்? அக்டோபரில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள் என்று அறிகிறேன். அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: புகாராகக் கொடுக்க முடியாது. தனிப்பட்ட நுகர்வோரின் புகாரையோ ஒரு நிறுவனத்தின் புகாரையோ விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் பெரெக்குக்கு இல்லை. அந்த வேலை அந்தந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்புக்கு உரியது. ஆனால் உங்கள் சிக்கலை ஐரோப்பா முழுவதற்குமான ஓர் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்பதற்கு முறையான வழி உண்டு. அந்த வழியில் போவதானால் அக்டோபர் வரை காத்திருப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. காரணம் விளங்க வேண்டுமானால், அந்த அமைப்பு எப்படிப் பிறந்தது, உள்ளே வேலை எப்படி நகர்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் பொதுவானது. அதை நடைமுறைப்படுத்தும் அமைப்புகள் நாட்டுக்கு ஒன்றாக உள்ளன. ஜெர்மனியில் பூண்டஸ்நெட்ஸ்ஏஜென்டூர், பிரான்சில் ஆர்செப், உங்கள் அயர்லாந்தில் காம்ரெக் என்று இருபத்தேழு நாடுகளிலும் தனித்தனி அமைப்புகள் உண்டு. இவை 1997-இலேயே தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. 2002-இல் ஐரோப்பிய ஆணையத்துக்கு ஆலோசனை சொல்லும் குழு ஒன்று உருவானது. 2007-இல் ஆணையம் ஒருபடி மேலே போய், ஓர் ஐரோப்பியத் தொலைத்தொடர்பு ஆணையகத்தை அமைக்கலாம் என்று முன்மொழிந்தது. உறுப்பு நாடுகளும் ஐரோப்பிய நாடாளுமன்றமும் அதற்கு உடன்படவில்லை. நீண்ட பேரத்தின் முடிவில், 2009 நவம்பரில் இயற்றிய ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியாகப் பிறந்த சமரசமே பெரெக். இப்போது அது இயங்குவது 2018 டிசம்பரில் வந்த 2018/1971 எண் கொண்ட சட்டத்தின்படி.

இந்தச் சமரசத்தின் தடயத்தை இன்றும் காணலாம். பெரெக்குக்குத் தனியே சட்ட ஆளுமை, அதாவது தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்யவும் வழக்காடவும் கூடிய சட்டத் தகுதி, கிடையாது. லாட்வியாவின் ரீகா நகரிலுள்ள ‘பெரெக் அலுவலகம்’தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் முறையான முகமை. அது நிர்வாகத்தையும் ஆய்வுப் பணிக்கான உதவிகளையும் கவனிக்கிறது. கொள்கை முடிவுகளை எடுப்பது ‘ஒழுங்குமுறையாளர் குழு’. அதில் ஒவ்வொரு நாட்டு அமைப்பின் தலைவருக்கோ மூத்த பிரதிநிதிக்கோ தலா ஒரு வாக்கு உண்டு. ஐரோப்பிய ஆணையம் அமர்ந்து பேசலாம், வாக்களிக்க முடியாது. நார்வே, ஐஸ்லாந்து போன்ற ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளின் அமைப்புகளும் வாக்கின்றிப் பங்கேற்கின்றன. பிரெக்ஸிட்டுக்கு முன்பு முக்கியக் குரலாக இருந்த பிரிட்டனின் ஆஃப்காம் இப்போது உறுப்பினர் அல்ல.

இத்தகைய அமைப்பின் வழிகாட்டுநெறிகளுக்கு என்ன வலிமை என்ற கேள்வி எழும். அவை சட்டம் அல்ல. ஆயினும், நாட்டு அமைப்புகள் அவற்றை ‘இயன்ற அளவு முழுமையாகக் கருத்தில் கொள்ள வேண்டும்’ என்று ஐரோப்பியச் சட்டம் கூறுகிறது. விலகிப் போவோர் காரணம் சொல்லியாக வேண்டும். நடைமுறையில் அந்த ஒரு வாசகமே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. பெரெக்கின் ஆய்வு முடிவுகளும் அப்படித்தான். பெரிய இணையச் சேவை நிறுவனங்கள் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற கோரிக்கை பலமாக ஒலித்த 2022-இல், அக்டோபர் மாதம் வெளியான பெரெக்கின் முதற்கட்ட மதிப்பீடு, அத்தகைய ஏற்பாட்டை நியாயப்படுத்தும் சான்று எதையும் காணவில்லை என்றது. யாரையும் கட்டுப்படுத்தாத ஓர் ஆவணம் அது. ஆனாலும் அதற்குப் பிறகு நடந்த விவாதத்தில் அதை ஒதுக்கிவிட்டு எவரும் பேச முடியவில்லை. எனவே பெரெக்கின் ஓர் அறிக்கையில் உங்கள் சிக்கல் ஆராயப்பட்டாலே அதற்கு மதிப்புண்டு.

இனிப் பணித்திட்டம். அடுத்த ஆண்டுக்கான திட்டத்தின் முன்வரைவை நடப்பு ஆண்டின் ஜனவரி 31-க்குள் ஒழுங்குமுறையாளர் குழு ஏற்க வேண்டும் என்பது சட்டம். அதாவது, திட்டம் நடைமுறைக்கு வருவதற்கு ஏறத்தாழ பதினோரு மாதங்களுக்கு முன்பே முதல் கோடு போடப்படுகிறது. பிறகு ஐரோப்பிய நாடாளுமன்றம், உறுப்பு நாடுகளின் கவுன்சில், ஆணையம் ஆகிய மூன்றிடமும் அவற்றின் முன்னுரிமைகளைக் கேட்டறிந்து, அக்கறை கொண்ட பிறரின் கருத்தையும் பெற்று, டிசம்பர் 31-க்குள் இறுதித் திட்டத்தை ஏற்க வேண்டும். அண்மை ஆண்டுகளின் வழக்கப்படி, ஆண்டின் முதல் சில மாதங்களில் தொழில்துறையினரிடமும் மற்றவர்களிடமும் யோசனை கேட்டு அறிவிப்பு வருகிறது. வசந்த காலத்தில் பிரஸ்ஸல்ஸில், இத்துறையில் அக்கறை கொண்ட தரப்பினருக்கான ‘பங்குதாரர் மன்றம்’ கூடுகிறது. அக்டோபர் வாக்கில் வரைவுத் திட்டம் சுமார் நான்கு வாரக் கருத்துக் கேட்புக்கு வருகிறது. ஒழுங்குமுறையாளர் குழுவின் டிசம்பர் முழுக்கூட்டத்தில் அது இறுதியாகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஐந்தாண்டு உத்தி ஒன்றும் உண்டு. 2021 முதல் 2025 வரையிலான உத்தி முடிந்து, இப்போது நடப்பது 2026–2030 காலத்துக்குரியது. உங்கள் யோசனை அந்த உத்தியின் எந்த நோக்கத்துக்குள் பொருந்துகிறது என்று ஒரு வரியில் சுட்டிக்காட்டுவது நல்லது.

அக்டோபரில் வரும் வரைவைக் கையில் எடுத்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். ஒவ்வொரு பணிக்கும் ஒரு தலைப்பும், ஏன் இந்தப் பணி என்ற சிறு விளக்கமும் இருக்கும். அடுத்து, வெளிவரப்போவது அறிக்கையா, கருத்துரையா, வழிகாட்டுநெறியா என்பது இருக்கும். கருத்துக் கேட்பு உண்டா இல்லையா, ஆண்டின் நான்கு முழுக்கூட்டங்களில் எதில் அது ஏற்கப்படும் என்பவையும் குறிக்கப்பட்டிருக்கும். ஆட்களும் மாதங்களும் ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்ட கால அட்டவணை அது. போதாததற்கு, ரோமிங் விலைத் தரவுகளைத் திரட்டுவது, இணையப் போக்குவரத்தைப் பாகுபாடின்றி நடத்தச் சொல்லும் ‘திறந்த இணைய’ விதிகளின் நடைமுறையைக் கண்காணிப்பது போன்று சட்டமே சுமத்தியுள்ள கட்டாயப் பணிகளும் முந்தைய ஆண்டிலிருந்து தொடரும் பணிகளும் இடத்தை நிரப்பியிருக்கும். அந்த நிலையில் ஒரு பணியின் எல்லையைக் கொஞ்சம் விரிக்கலாம், ஒரு சொல்லைத் திருத்தலாம். புதிய பணி ஒன்றை நுழைப்பது அரிது. அப்படியே தவறவிட்டாலும், வரும் ஆண்டுகளில் எடுத்துக்கொள்ளக் கூடிய பணிகள் என்று வரைவின் கடைசியில் இடம்பெறும் பகுதியைக் கவனியுங்கள். அங்கே ஒரு வரி கிடைத்தாலும் அது அடுத்த சுற்றுக்கு உதவும்.

யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கையெழுத்திடுவது ஒழுங்குமுறையாளர் குழு, எழுதுவது பணிக்குழுக்கள். ரோமிங், திறந்த இணையம், சந்தைப் பொருளாதாரம், நுகர்வோர் என்று துறைவாரியாக அமைந்த இந்தப் பணிக்குழுக்களில் உட்கார்ந்திருப்போர் நாட்டு அமைப்புகளின் நிபுணர்கள். குழுக்களுக்கு இணைத்தலைவர்களாக இருப்பவர்களும் அவர்களே. அவர்கள் எழுதும் வரைவுகள், முழுக்கூட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு கூடும் ‘தொடர்பு வலையமைப்பு’ என்ற மூத்த அலுவலர் கூட்டத்தில் அலசப்பட்ட பிறகே தலைவர்களின் மேசைக்குப் போகின்றன. பெரும்பாலான சச்சரவுகள் அங்கேயே தீர்ந்துவிடும். ஆகவே உங்கள் கடிதம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் ரீகா அல்ல, டப்ளினிலுள்ள காம்ரெக். ரோமிங் பணிக்குழுவில் அமரும் உங்கள் நாட்டு நிபுணர், ‘எங்கள் நாட்டு நிறுவனங்கள் இப்படி ஒரு தடையைச் சந்திக்கின்றன’ என்று சொல்வதற்கும், அடையாளம் தெரியாத ஒரு மின்னஞ்சல் அலுவலகத்துக்கு வந்து சேர்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

தலைமைப் பதவியின் சுழற்சியும் கவனிக்க வேண்டிய ஒன்று. தலைவரின் பதவிக்காலம் ஓராண்டு. இயன்றவரை, தலைவராக வருபவர் முந்தைய ஆண்டில் துணைத்தலைவராக இருப்பார். பதவி முடிந்த பின்னும் ஓராண்டு துணைத்தலைவராகத் தொடர்வார். 2024-இல் குரோஷியாவின் டோன்கோ ஓபுல்யென், 2025-இல் அயர்லாந்தின் ராபர்ட் மூரிக், 2026-இல் ஸ்லோவேனியாவின் மார்கோ மிஷ்மாஷ் என்று அந்த வரிசை நகர்ந்திருக்கிறது. அடுத்த ஆண்டின் திட்டத்தை வடிவமைப்பதில் முன்னிற்பவர், அடுத்த ஆண்டு பொறுப்பேற்கப் போகும் தலைவர்தான். எனவே பங்குதாரர் மன்றத்துக்குப் போனால் நடப்புத் தலைவரின் உரையைக் கேட்டுவிட்டுத் திரும்பாமல், பொறுப்பேற்க இருப்பவரின் அமைப்பைச் சேர்ந்தவர்களையும் சந்தியுங்கள்.

எழுதும் முறை பற்றி. 2016-இல் திறந்த இணைய வழிகாட்டுநெறிகளின் வரைவுக்கு 4,81,547 கருத்துகள் வந்தன. பெருந்திரளான மக்கள் பிரச்சாரத் தளங்கள் வழியாக எழுதினார்கள். எல்லோரையும் தொடும் பொருளில் எண்ணிக்கைக்கு ஒரு பொருள் உண்டு. உங்களுடையது அப்படியன்று. மொத்தவிலை ரோமிங், அதாவது நெட்வொர்க் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று விற்கும் ரோமிங் சேவை, பற்றிய பேச்சில் நூறு பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, எந்த நாட்டில், எந்தத் தேதியில், எத்தனை கருவிகள், எத்தனை நாள் ரோமிங்குக்குப் பிறகு துண்டிக்கப்பட்டன, மறுபுறம் என்ன காரணம் சொன்னார்கள் என்ற ஒரு பக்க அட்டவணைக்கு மதிப்பு அதிகம். அத்துடன், ‘எங்களுக்கு நீதி வேண்டும்’ என்ற தொனியை விட்டுவிட்டு, ‘கருவிகளுக்கான நிரந்தர ரோமிங்கை நாடுகள் எப்படிக் கையாளுகின்றன என்பதை ஒப்பிட்டு ஓர் அறிக்கை தேவை’ என்று, அவர்கள் அட்டவணையில் அப்படியே எழுதிக்கொள்ளக் கூடிய வடிவில் கேளுங்கள். அதற்கு முன், பெரெக் இந்தப் பொருளில் ஏற்கெனவே வெளியிட்டுள்ளவற்றைத் தேடிப் படித்துவிடுங்கள். இணையம் சார்ந்த கருவிகள் பற்றி 2016-இலேயே அது ஓர் அறிக்கை தந்திருக்கிறது. சொல்லிவிட்டதையே திரும்பக் கேட்கும் கடிதம் முதல் வாசிப்பிலேயே ஓரங்கட்டப்படும். வரும் கருத்துகள் பொதுவாக வெளியிடப்படும் என்பதால், ஒப்பந்த விலை, வாடிக்கையாளர் பெயர் போன்றவை இருந்தால் இரகசியப் பிரதி ஒன்றும் வெளியிடத் தக்க பிரதி ஒன்றுமாகத் தனித்தனியே அனுப்ப வேண்டும்.

உங்கள் வாதத்தின் சட்ட அடிப்படையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2032 வரை நடப்பிலிருக்கும் 2022/612 எண் ரோமிங் சட்டம், நிரந்தர ரோமிங்கைத் தடுக்கும் நிபந்தனைகளை மொத்தவிலை ஒப்பந்தத்தில் சேர்க்க நெட்வொர்க் நிறுவனங்களுக்கு இடம் தருகிறது. ஆகவே துண்டிப்பது எல்லா நேரத்திலும் சட்டமீறல் என்று வாதிட முடியாது. ஆனால் அதே சட்டத்தின் முகவுரை, கருவிகளுக்கிடையிலான தொடர்புக்கு நிரந்தர ரோமிங்கை இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்ளலாம் என்றும், இதற்கான நியாயமான கோரிக்கைகளை நிறுவனங்கள் மேலும் மேலும் ஏற்கும் என எதிர்பார்க்கப்படுகிறது என்றும் கூறுகிறது. முகவுரையின் எதிர்பார்ப்புக்கும் சட்டப்பிரிவின் அனுமதிக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைத்தான் பெரெக் ஆராய வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். இந்தச் சட்டத்தை மறுபார்வையிட்டு ஐரோப்பிய ஆணையம் தர வேண்டிய அடுத்த அறிக்கைக்குச் சட்டம் விதித்துள்ள தேதி 2029 ஜூன் 30. அந்த அறிக்கைக்குப் பயன்படுமாறு உங்கள் தரவுகளைத் தருவதாகச் சொன்னால், பணிக்குழுவுக்கும் அதை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும்.

இவையெல்லாம் ஓரிரு ஆண்டுக் கணக்கு. லாரி இன்று சாலையில் நிற்கிறது என்றால் வேறு வழியைப் பார்க்க வேண்டும். முதலில், வெளிநாட்டு நெட்வொர்க்குடன் ரோமிங் ஒப்பந்தம் வைத்திருப்பது நீங்களா, உங்களுக்கு மொத்தமாக இணைப்பு தரும் ஐரிஷ் நிறுவனமா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். சிறு நிறுவனங்களில் பெரும்பாலும் பின்னதாகவே இருக்கும். அப்படியானால் தகராறைத் தொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்களை அதற்கு இசைய வைப்பதே உங்கள் முதல் வேலை. இரு நாட்டு நிறுவனங்களுக்கிடையிலான தகராறு முறைப்படி ஒழுங்குமுறை அமைப்பிடம் போய், அது உறுப்பு நாடுகளுக்கிடையிலான வணிகத்தைப் பாதிப்பதாக இருந்தால், நாட்டு அமைப்பு அதைப் பெரெக்கின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அப்போது, விதிவிலக்கான சூழல்கள் தவிர, நான்கு மாதங்களுக்குள் பெரெக் கருத்துரை வழங்க வேண்டும். அதன்பின் நாட்டு அமைப்பு ஏதேனும் கடமையை விதிப்பதானால் கருத்துரை வந்த ஒரு மாதத்துக்குள் விதிக்க வேண்டும். பணித்திட்டம் வழியாக நீங்கள் கேட்கும் அதே அமைப்பு, இந்த வழியில் வந்தால் காலக்கெடுவுக்குள் பதில் சொல்லக் கடமைப்பட்டது. இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் நடத்துவதற்குத் தடை ஏதும் இல்லை. தகராறுக்காகத் திரட்டும் அதே அட்டவணையை, வாடிக்கையாளர் பெயர்களை நீக்கிவிட்டு, காம்ரெக்குக்கு எழுதும் கடிதத்துடனும் இணைத்துக்கொள்ளலாம்.